தலையில் கை வைத்த நாள்

தம்பிமாரே, போன கிழமை நான் யார்டுக்கு வந்தபோது, உங்களில் ஒருவர் புதிதாக வந்திறங்கிய டெலிஹேண்ட்லரின் டயரைக் காலால் தட்டிக்கொண்டே கேட்டார்: "நானா, இதுவும் ஃபோர்க்லிஃப்ட்தானே? கைதான் கொஞ்சம் முன்னுக்கு நீளும். வேற என்ன கிடக்கு இதில?"

அண்ணன் என்ற உரிமையில் 'நானா' என்று கூப்பிட்டுக் கேட்டவர் யாரென்று சொல்லமாட்டேன். இதை வாசிக்கும்போது யாருக்குக் காது சூடாகிறதோ அவர்தான். அவர் கவலைப்பட வேண்டாம். அதே கேள்வியை, அதே மாதிரி டயரைத் தட்டிக்கொண்டு, நானும் ஒரு காலத்தில் கேட்டவன். எனக்குப் பதில் விளங்கியது ஒரு மனிதர் சுவருக்கு மேலே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தபோதுதான். உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதித் தருகிறேன்.

ஓய்வெடுக்கும்வரை இந்த யார்டில் உங்கள் வேலையைத்தான் நான் பார்த்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே வருவதற்கு முன், என் ஆயுளில் பெரிய பங்கை ஓர் அரிசி ஆலையில் ஃபோர்க்லிஃப்டோடு கழித்தேன். அந்த மெசினைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அது புது வீட்டு மாப்பிள்ளை மாதிரி. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தானே பெண் வீட்டுக்குப் போக வேண்டும்? போன புதிதில் அவருக்குப் பாய் விரிக்க வேண்டும், தலையணை வைக்க வேண்டும், கால் நிலத்தில் படக்கூடாது. ஃபோர்க்லிஃப்டும் அப்படித்தான். சீமெந்துத் தரை வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். அதெல்லாம் செய்து கொடுத்தால் மூட்டையை நேராக மேலே தூக்கும், நேராகக் கீழே இறக்கும். பாரம் எப்போதும் மெசினின் வயிற்றோடு ஒட்டியே நிற்கும். ஒப்பரேட்டர் மனதில் வைக்க வேண்டிய பெரிய கேள்வி ஒன்றுதான்: பாரம் எவ்வளவு?

டெலிஹேண்ட்லரில் அது பாதிக் கேள்வி. மற்றப் பாதி, அந்தப் பாரம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது. கிட்ட வைத்துத் தூக்கும்போது சிங்கமாக நிற்கிற மெசின், கையை முழுக்க நீட்டியதும் அதில் கொஞ்சத்தையும் தாங்க முடியாமல் தள்ளாடும். ஒரு வாளி தண்ணீரை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். பிறகு அதே வாளியைக் கையை நீட்டிப் பிடியுங்கள். வாளி அதேதான், தண்ணீர் அதேதான், தோள்மூட்டு மட்டும் வேறு கதை சொல்லும்.

இந்த இரண்டு மெசினையும் ஒரே வேலைக்கு ஒரே வாசலில் கொண்டுபோய் நிறுத்திய பெருமை எனக்கு உண்டு. வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில், பழுகாமத்தையும் தாண்டி, ஓர் அம்மன் கோயில். முன்மண்டபத்தின் கிடுகுக் கூரையைக் கழற்றிவிட்டு இரும்புக் கூரை போடத் தீர்மானித்திருந்தார்கள். வைகாசிச் சடங்குக்கு முதல் முடிந்தாக வேண்டும். கோயிலைப் பார்க்கிற வண்ணக்கர் எங்கள் ஆலைக்கு நெல் தருகிறவர். அந்த உரிமையில் முதலாளியிடம் வந்து, "உங்கட ஃபோர்க்லிஃப்டையும் நானாவையும் கொஞ்சம் தாங்க" என்று கேட்டார். முதலாளியும் தந்துவிட்டார். லொறியில் ஏற்றி, பாலம் கடந்து, கோயில் வாசலில் இறக்கினோம். இறக்கியதுதான் தாமதம், மாப்பிள்ளை தன் சின்னச் சில்லுகளோடு மணலில் புதைந்தார். நான் முன்னுக்குப் போகப் பார்த்தேன், இன்னும் புதைந்தார். பின்னுக்கு எடுத்தேன், உட்கார்ந்தே விட்டார். ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க, உழவு மெசின் ஒன்றில் கயிறு கட்டி இழுத்தார்கள்.

எனக்கு வெட்கம் தாங்கவில்லை. வண்ணக்கர்தான் தோளில் தட்டினார். "விடுங்க நானா. அம்மன்ட வாசலுக்கு வந்தா மெசினும் ஒருக்கா விழுந்து கும்பிடத்தானே வேணும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் இந்த யார்டிலிருந்து டெலிஹேண்ட்லரை வாடகைக்கு எடுத்தார்கள். அதோடு வந்தவர் கட்டார்க்காரர். என்னைவிட எத்தனையோ வயது இளையவர். கட்டாரில் இந்த மெசினிலேயே இளமையைத் தொலைத்துவிட்டு வந்தவர். பெயரை எங்கேயும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். எழுதினால் "எனக்கும் பழக்கித் தாங்க" என்று வாசலில் ஆள் நிற்குமாம். அந்த மெசினில் கை ஒரு பக்கமாக இருப்பதால் ஒப்பரேட்டருக்கு அந்தப் பக்கம் பாதி மறைந்துவிடும். அவர் கீழே நின்று சைகை காட்ட வேண்டியிருந்ததால், மேலே உட்கார இன்னொருவர் தேவைப்பட்டார். ஆலையில் லீவு வாங்கிக்கொண்டு நான் முன்வந்தேன். மணலில் புதைந்த மானத்தைத் தோண்டி எடுக்க வேண்டுமே!

யார்டில் வைத்து எனக்குப் பழக்கினார். சில்லுகளை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடத்துவது, நாலு சில்லையும் வளைத்துச் சின்ன இடத்தில் மெசினைத் திருப்புவது எல்லாம் எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான் அவர் தன் சட்டத்தைச் சொன்னார்.

"நானா, பாரம் கூடிட்டெண்டு மெசின்ட மணி அடிச்சா லீவரைத் தொடப்படா. ரெண்டு கையையும் எடுத்துத் தலையில வைக்கணும்."

"தலையில கை வைக்கிறது தரித்திரம் தம்பி. உம்மா கண்டா அடிப்பா."

"அதுக்குத்தான் வைக்கச் சொல்றன். வாழ்க்கையில செய்யாத ஒண்டைச் செய்தாத்தான் பழகின கை நிக்கும்."

எனக்கு அது விசர்க்கதையாகப் பட்டது. அவர் விடவில்லை. நான் எதிர்பார்க்காத நேரமெல்லாம் வாயால் "பீப், பீப்" என்று கத்துவார். தேத்தண்ணீர் குடிக்கும்போதுகூடக் கத்துவார். நான் கோப்பையை வைத்துவிட்டுத் தலையில் கை வைக்க வேண்டும். யார்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

ஏன் இந்தக் கூத்து என்று பிறகு விளக்கினார். ஃபோர்க்லிஃப்ட்காரனுக்குப் பயம் வந்தால் கை தன்பாட்டில் பாரத்தை இறக்கும். அதில் அது சரி, ஏனென்றால் பாரம் நேராகக் கீழே வரும். டெலிஹேண்ட்லரின் நீட்டிய கையை இறக்கினால் அப்படி வராது. தூண்டில்தடியை உயர்த்திப் பிடித்துவிட்டு மெல்லச் சரித்துப் பாருங்கள். நுனி கீழே மட்டுமா போகிறது? வெளியேயும் போகிறது. பாரம் மெசினைவிட்டு இன்னும் தூரமாகும், ஏற்கெனவே தள்ளாடுகிற மெசின் குப்புற விழும். ஆகவே முதலில் கையை உள்ளே இழுக்க வேண்டும், பிறகுதான் இறக்க வேண்டும். புது மெசின்களில் பிழையான லீவரை அமத்தினால் அதுவே நிற்பாட்டிவிடும். அன்று எங்களிடம் இருந்தது வெளிநாட்டில் உழைத்துக் களைத்து வந்த பழசு. அதற்குச் சத்தம் போட மட்டும்தான் தெரியும்.

கோயிலில் வேலை நன்றாகவே போனது. ஒவ்வோர் இரும்புச் சட்டமாக நான் தூக்கிக் கொடுக்க, சுவருக்கு மேலே காலைப் பரப்பி உட்கார்ந்து அதை வாங்கிப் பொருத்தியவர் தவம். அந்த ஊர் வெல்டிங்காரர், வாய் ஓயாமல் பகிடி விடுகிறவர். "நானா, கொஞ்சம் பக்குவமா, நான் ஒரு பொஞ்சாதிக்காரன்" என்று ஒவ்வொரு சட்டத்துக்கும் சொல்வார். கீழே நிற்கும் அவருடைய மனைவி, "ஒண்டுதானே எண்டு கவலைப்படுறார் போல" என்று பதில் கொடுப்பார்.

கடைசிச் சட்டம் மிஞ்சியது. அன்று பின்னேரம் கோயில் கதவு திறக்க வேண்டும். கதவு திறந்தால் சடங்கு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகு வளவுக்குள் இரும்புச் சத்தம் கேட்கக்கூடாது. ஊர்ச்சனம் எல்லாம் குளித்து முழுகி வந்து நின்றது. கடைசிச் சட்டத்துக்கு இடைஞ்சலாக ஒரு வேப்பமரம். அம்மனுடைய மரம், கொப்பு வெட்ட முடியாது. "ஒரு இலையும் உதிரப்படா" என்றார் வண்ணக்கர். ஆகவே மெசினை மரத்துக்கு மற்றப் பக்கம் கொண்டுபோய், கொஞ்சம் தள்ளி நிறுத்தி, கையை நீட்டித் தூக்குவதென்று முடிவானது. கட்டார்க்காரர் பாரத்தையும் தூரத்தையும் மெசினில் ஒட்டியிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தாங்கும் என்றிருந்தது. அவர் வழக்கமாக மெசின் நிற்கும் இடமெல்லாம் அலவாங்குக் கம்பியால் குத்திப் பார்ப்பவர். அன்று அலவாங்கைக் கேட்டபோது ஊரார் விடவில்லை. "கல்லு மாதிரித் தரை இது, உழவு மெசினே போகும்" என்று ஆளுக்காள் சத்தியம் செய்தார்கள். நேரமும் போய்க்கொண்டிருந்தது.

சட்டம் மேலே போனது. மெசினின் கையை நீட்டினேன். சுவரைத் தாண்டி, தவத்தின் தலைக்கு மேலாக வந்து நின்றது. அவர் கையை உயர்த்தி அதன் நுனியைப் பிடிக்கப் போனார். அந்த நேரம் முன் வலது சில்லு பொதுக்கென்று நிலத்துக்குள் இறங்கியது.

மெசின் அந்த மூலைக்குச் சரிந்தது. மணி அலறியது, சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால், பின் இடது சில்லு நிலத்தைவிட்டு மேலே வருகிறது. கீழே நின்ற சனம் ஒரே குரலில் "இறக்குங்க! இறக்குங்க!" என்று கத்துகிறது. எனக்குள்ளும் அதே குரல்தான். என் வலது கை இறக்குகிற பக்கம் லீவரைத் தள்ளத் தொடங்கிவிட்டது என்பதை நான் உணர்ந்தேன். தள்ளியிருந்தால் சட்டம் வெளியேயும் கீழேயுமாகப் போய்த் தவத்தைச் சுவரோடு அரைத்திருக்கும். அதற்குப் பின்னால் மெசினும் போயிருக்கும். தம்பிமாரே, இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்கிறேன். காத்தான்குடி முஸ்லிம் ஆள் ஒருத்தன் வந்து அம்மன் கோயிலில் ஓர் உயிரை எடுத்துவிட்டான் என்று வாவியின் இரண்டு கரையிலும் கதைப்பார்கள் என்ற பயம் என் முதுகில் ஓடியது. நல்ல மனதோடு என்னைக் கூப்பிட்ட வண்ணக்கரின் முகத்தில் எப்படி முழிப்பேன்?

"பீப், பீப்" என்றது மெசின். கட்டார்க்காரரின் வாய் மாதிரியே இருந்தது. என் இரண்டு கையும் எழும்பித் தலைக்குப் போயின.

இதைக் கீழே நின்றவர்களின் கண்ணால் பாருங்கள். மெசின் சரிகிறது, மேலே ஒரு மனிதர் மாட்டிக்கொண்டிருக்கிறார், ஓட்டுகிறவனோ எல்லாம் முடிந்தது என்பதுபோல் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தவத்தின் மனைவி வீரிட்டு அழுதார். "கோயில் வளவுக்க தலையில கை வைக்காதீங்க நானா!" என்று வண்ணக்கர் கத்தினார். நான் எடுக்கவில்லை.

அடுத்து நடந்தது அந்த ஊர் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. வயல் வட்டையில் நெல் மூட்டை ஏற்றிய இழுவைப் பெட்டியை உழவு மெசின் மேட்டில் இழுக்கும்போது அதன் மூக்கு மேலெழும்பும். உடனே நாலு பேர் பாய்ந்து முன்னுக்கு ஏறி உட்காருவார்கள், மூக்கு இறங்கும். பிறந்ததிலிருந்து பார்த்த வைத்தியம் அது. இங்கே பின்பக்கம் எழும்புகிறது, ஆகவே பின்பக்கம் ஏற வேண்டும், அவ்வளவுதான். "ஏறுங்கடா!" என்று ஒருவர் கத்த, குளித்து வெள்ளை வேட்டி கட்டி நின்ற ஆம்பிளைகள் எல்லாம் ஓடிவந்து மெசினின் பின்பக்கம் தொற்றினார்கள்.

மெசின் குலுங்கிப் பின்னுக்கு உட்கார்ந்தது. சட்டம் ஊஞ்சலாட, தவம் சுவரோடு சுவராகப் படுத்துக்கொண்டார். நல்ல மனதோடு ஏறியவர்கள் தங்களையும் அறியாமல் எங்களைப் பெரிய சிக்கலில் மாட்டிவிட்டார்கள். இப்போது மெசின் நிற்பது அவர்கள் பாரத்தில். ஒருவர் குதித்தால் அது திரும்பவும் எழும்பும். குலுக்கத்தில் பயந்துபோன இரண்டு பேர் குதிக்கக் காலைத் தூக்கிவிட்டார்கள்.

"ஒருத்தரும் இறங்கப்படா!" என்று கட்டார்க்காரர் தொண்டை கிழியக் கத்தினார். யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஓடிப்போய் வண்ணக்கரின் காதில் ஏதோ சொன்னார். வண்ணக்கர் வேட்டியை மடித்துக் கட்டினார், நடந்துவந்தார், இரண்டு பேரைப் பிடித்துக்கொண்டு மெசினின் பின்பக்கம் ஏறி, எஞ்சின் மூடியின் மேல் சம்மாணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் இறங்குமட்டும் ஒருத்தனும் இறங்கப்படா" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வண்ணக்கர் அமர்ந்திருக்கையில் அவருக்கு முந்தி எழும்பும் தைரியம் அந்த ஊரில் யாருக்கு இருக்கிறது? தூக்கிய கால்கள் திரும்பவும் மடங்கின.

கட்டார்க்காரர் என் முன்னால் வந்து நின்றார். இரண்டு கைவிரலையும் மடக்கி, பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரிப் பிடித்தார். மெசினின் கையை உள்ளே இழு என்ற சைகை அது. நான் ஒரு கையைத் தலையில் வைத்தபடியே மற்றக் கையை லீவருக்கு இறக்கினேன். நத்தை நகர்வது மாதிரி மெசினின் கையை உள்ளே இழுத்தேன். சட்டம் தவத்தின் முதுகைத் தாண்டியது. சுவரைத் தாண்டியது. மணி நின்றது. அதற்குப் பிறகுதான், அவ்வளவு நேரமும் என் கை ஆசைப்பட்டுக்கொண்டிருந்த அந்த வேலையைச் செய்ய விட்டேன். சட்டத்தை நிலத்தில் இறக்கினேன்.

வண்ணக்கர் முதலில் இறங்கினார், மற்றவர்கள் பின்னால். நேரே சில்லுப் புதைந்த இடத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"இது போன வருசம் கல்யாணக்கால் நட்ட குழியெல்லா!"

"ஓம், ஓம், அதேதான்" என்றது ஊர். அம்மனுக்குக் கல்யாணம் செய்யும் சடங்குக்கு மரம் நட்டு, முடிந்ததும் மண் போட்டு மூடிய குழி. தரை கல்லு மாதிரி என்று சத்தியம் செய்தவர்களே தலையாட்டினார்கள்.

கட்டார்க்காரர் இடுப்பில் கை வைத்தார். "ஊருக்கெல்லாம் தெரியும். மெசினுக்கு மட்டும்தான் தெரியா" என்றார். முதலில் சிரித்தவர் வண்ணக்கர்தான். பிறகு வளவு முழுக்கச் சிரித்தது.

குழிக்குக் கல் போட்டு இறுக்கி, பலகை வைத்து, இந்தமுறை அலவாங்கால் குத்திப் பார்த்து, மெசினை இன்னும் கிட்ட நிறுத்தினோம். இனி யார் மேலே ஏறுவது? தவமும் கீழே இறங்கியிருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார்.

"நானாவா ஓட்டுறார்? அப்ப நான் ஏறுறன்" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைக்கிற மாதிரிச் சமாளித்தேன். கடைசிச் சட்டம் ஏறியது, வேப்பமரத்தில் ஓர் இலையும் உதிரவில்லை. மெசினின் சத்தம் அடங்கி, கட்டார்க்காரரும் நானும் வெளியே வந்து நின்றபோது உள்ளே மணி கேட்டது. கதவு திறந்துவிட்டது. எங்கள் இருவருக்கும் முதல் செம்பு மோர் வந்தது.

இப்போது வேலை விஷயம். மெசினில் யாரையும் ஏறவிடாதீர்கள். அவர்கள் தொற்றும்போது கட்டிய கயிறு அறுந்து சட்டம் விழுந்திருந்தால் பின்பக்கம் தொப்பென்று இறங்கி அத்தனை பேரின் காலையும் நசித்திருக்கும். ஆனால் யாராவது ஏறிவிட்டால், ஏசித் துரத்தாதீர்கள். முதலில் மெசினின் கையை உள்ளே இழுங்கள், பிறகு ஏசுங்கள். ஊரார் சத்தியம் செய்தாலும் அலவாங்கை வாங்கிக் குத்திப் பாருங்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்கள் மனதில் இருக்கும் மெசின் வேறு, அவ்வளவுதான். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பதறாமல் இருப்பது எப்படி என்று ஒரு பெரியவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கையை எங்கே வைப்பதென்று சொல்லித்தந்தவர் என்னைவிட இளையவர். உங்களில் யாராவது நாளை எனக்கு ஒன்றைச் சொல்லித்தந்தாலும் கேட்டுக்கொள்வேன், சிரித்துக்கொண்டுதான் கேட்பேன்.

நான் ஓய்வெடுத்த கிழமை ஒரு நாள் வீட்டு வாசலில் ஆட்டோ ஒன்று நின்றது. தவமும் மனைவியும் இறங்கினார்கள். அவர் ஒரு கையில் தயிர்ச்சட்டி, மற்றக் கையில் பழக்குலை. இரண்டையும் மனைவியிடம் கொடுத்தார். என்னைப் பார்த்தார். தெருவில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் பார்க்க, இரண்டு கையையும் தூக்கித் தலையில் வைத்தார்.

நானும் வைத்தேன். அவருடைய மனைவி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு அழுதார், பிறகு சிரித்தார்.

சத்தம் கேட்டு என் மனைவி உள்ளேயிருந்து பதறி ஓடிவந்தார். வாசலில் இரண்டு ஆம்பிளைகள் சாவு வீட்டில் நிற்பதுபோல் தலையில் கையோடு நிற்கிறார்கள்.

"யா அல்லாஹ்! என்ன இது, ஆரும் மௌத்தா?"

"இல்ல புள்ள" என்றேன். "ஆரும் மௌத்தாகல்ல. அதுக்குத்தான்."